சித்திரை, வைகாசிக்கு வாடகை இல்லை

ராமேஸ்வரத்துக்கு அருகே மண்டபம் ஊரில் எனக்கு ஒரு சிறு ஓட்டு வீடு இருக்கிறது. குடிவருகிறவர்கள் பெரும்பாலும் விசைப்படகுத் தொழிலாளர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். படகோடு வாடகையும் கரையேறிவிடும். கேட்கப் போனால் முன்வாசல் பூட்டியிருக்கும், உள்ளே மீன் குழம்பு கொதிக்கும்.

தடைக்காலம் கிட்டத்தட்டச் சித்திரை, வைகாசிதான். எனவே வாடகையைத் தமிழ் மாதக் கணக்குக்கு மாற்றினேன். மாதம் 3,000 ரூபாய் என்றிருந்ததை, மற்றப் பத்து மாதங்களுக்கு 3,600 ஆக்கினேன். அந்த இரண்டு மாதங்களுக்கு எதுவும் இல்லை. ஆண்டுக்கு அதே 36,000. 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் வேண்டும். இந்த ஏற்பாட்டையும் அதிலேயே சேர்த்துவிட்டேன்.

கிணற்று நீர் உப்பு என்பதைச் சாவி கொடுக்கும் முன்பே சொல்லிவிடுகிறேன். அதற்கே முகம் சுளிப்பவர் எப்படியும் நிலைக்கமாட்டார். இப்போது குடியிருப்பவர் கேட்காமலே வாடகை தருகிறார். ஓடு மாற்றச் சொல்லித்தான் நச்சரிக்கிறார்.