துவக்கு இல்லாம மானுக்குப் பதுங்கிறது எப்பிடி

திருகோணமலையில மான் பாக்கிறதெல்லாம் ஒரு வேலையா எண்டு கேப்பீங்கள். உண்மைதான், பிரட்ரிக் கோட்டைக்குள்ளால கோணேசர் கோயிலுக்குப் போற ரோட்டிலயே நிக்குது, கையில பை கண்டா பின்னால வருது. ஆனா தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் காட்டுக்கரையில நிக்கிற மான் நீங்க பாக்க முதலே உங்களப் பாத்திட்டுப் போயிரும். அதுக்குக் கிட்டப் போறது எப்பிடியெண்டுதான் சொல்லப்போறன், நானும் என்ர கூட்டாளியும் நாலஞ்சு தரம் கோட்டை விட்டுப் பழகினது.

துவக்குக் கதையே வேணாம். புள்ளிமானைச் சுடுறதும் இறைச்சி வச்சிருக்கிறதும் குற்றம், 1937லயே விலங்கின தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்திட்டு. ஆராவது "மான் வத்தல் கிடக்கு மச்சான், ஒரு கிலோ தரட்டா" எண்டாலும் வேணாமெண்டிட்டு வாங்கோ. கமரா இருந்தா கமரா, இல்லாட்டி வெறுங்கண் காணும்.

முதல் பாடம் கோட்டையிலதான். ஒரு அரை மணித்தியாலம் சும்மா இருந்து அதுகளின்ட காதைப் பாருங்கோ. ரெண்டு காதும் தனித்தனியா திரும்பும், ஒண்டு உங்கட பக்கம், மற்றது ஓட்டோப் பக்கம். பயம் வந்தா முன்னங்கால நிலத்தில குத்தும், வால் மேல எழும்பி அடிப்பக்க வெள்ளை தெரியும். இதைப் பழகிட்டீங்களெண்டா காட்டில அரைவாசி வேலை முடிஞ்சுது. (ஷொப்பிங் பையை அதுகளுக்கு முன்னால போட்டிட்டு மட்டும் வராதீங்கோ, சாப்பாட்டு வாசத்துக்கு அதையும் சேத்து விழுங்குதுகள்.)

இனி வெளிக்கிடுறது. ஆனி ஆடி ஆவணி நல்லம், குளமெல்லாம் வத்தி நடுவில கொஞ்சம் தண்ணி, சுத்தவர பச்சைப் புல்லு, மான் வேற எங்க போறது. மாரியில எல்லா இடமும் தண்ணி, தேடி அலையத்தான் வேணும். ஒரே ஒரு ஆளோட போங்கோ, மூண்டாவது ஆள் வந்தா கதை தொடங்கிரும். உடுப்பு மங்கலா இருந்தாக் காணும், நீல ஜீன்ஸ் வேணாம், மானுக்குச் சிவப்பு சரியாத் தெரியாது, நீலம் நல்லாத் தெரியும். சென்ட் அடிக்காதீங்கோ, நுளம்புக்கு நீட்டுக்கை சேட்டு போடுங்கோ, போன் சைலண்ட். காட்டுக்குள்ள இறங்கவே வேணாம், குளக்கட்டும் குளத்து வெளியும் மட்டும்தான், ஏனெண்டா மிருகங்கள் போற ஒற்றையடிப் பாதையில ஆரோ கட்டுத்துவக்குக்கு (கம்பியில கால் பட்டாத் தானா வெடிக்கிற துவக்கு) கம்பி இழுத்திருப்பான், அதுக்கு மான் கால் மனுசக் கால் தெரியாது. ஊர் ஆக்களிட்ட முதல் நாள் யானை வந்ததா எண்டு கேட்டிட்டுத்தான் இறங்கோணும்.

அடுத்தது காத்து. இதுதான் எல்லாத்திலயும் முக்கியம், ஒளிக்கிறதை விட முக்கியம். ஒரு சின்னப் போத்தலில அடுப்புச் சாம்பல் கொண்டு போங்கோ, நுள்ளி விட்டா காத்து எங்க போகுதெண்டு தெரியும், பவுடர் எண்டா அதின்ட வாசமே காட்டிக் குடுத்திரும். இப்ப ஒரு சிக்கல். கச்சான் காத்து அடிக்கிற இந்தக் காலத்தில காத்து தென்மேற்கால வரும், பின்னேரச் சூரியனும் மேற்கிலதான். படம் நல்லா வரட்டுமெண்டு சூரியனை முதுகுக்கு வச்சுப் போனீங்களோ, உங்கட வேர்வை நேர மானுக்குப் போகும். காத்துக்கு எதிர்த்துப் போனா கண்ணுக்குள்ள வெயில் அடிக்கும், படத்தில மான் கறுப்பா நிழல் மாதிரித்தான் விழும். நாங்க கண்டுபிடிச்ச வழி மானுக்கு வடக்குப் பக்கத்தால வாறது, அப்ப காத்து எங்கட மணத்தை மானுக்குக் கொண்டு போகாது, வெளிச்சம் வலது தோள்ப் பக்கத்தால விழும். காத்து மாறும், பத்து நிமிசத்துக்கு ஒருக்கா சாம்பல் விட்டுப் பாருங்கோ.

ஒரு நாலரை போல நிழலை விட்டு வெளியில வருவினம், முதல்ல பெட்டையள்தான், கிடா பின்னுக்கு. அது தலைகுனிஞ்சு மேயேக்க நடவுங்கோ, தலை தூக்கினா கால் பாதியில நிண்டாலும் அப்பிடியே நில்லுங்கோ. ஒரு கள்ளம் செய்யும், குனியிற மாதிரிக் குனிஞ்சிட்டு டக்கெண்டு தூக்கிப் பாக்கும், ஆரும் அசையிறானோ எண்டு. அதால முதல் குனிவை நம்பாதீங்கோ, புல்லு கடிக்கிற சத்தமோ தாடை அசையிறதோ தெரிஞ்சாப் பிறகு அடியெடுங்கோ. ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில போகக் கூடாது, ஒராள் முன்னுக்கு, மற்றவர் அவற்ற கால் வச்ச இடத்திலயே கால் வைக்கோணும், கதைக்கிறதுக்குப் பதிலா முதுகில ஒரு தட்டு.

நான் விட்ட பிழையையும் சொல்லிறன். ஒருக்கா அறுவது எழுவது அடிக்குள்ள ஒரு கிடா, கொம்பில இன்னும் மயிர்த்தோல் கிடந்துது, மூக்கை நாக்கால நனைக்கிறது கூடத் தெரிஞ்சுது. அதையே பாத்துக்கொண்டு தவழ்ந்தன், இடக்கைப் பக்கம் பத்தையடியில ஒரு பெட்டை படுத்திருந்ததைக் காணேல்ல. அது எழும்பி ஒரு கீச்சுக் குரல்தான், மரத்தில இருந்த மந்தியளும் கத்த, கூட்டம் முழுக்க பாலை மரங்களுக்குள்ள போயிட்டுது. பின்னால கூட்டாளி மண்ணில கிடந்து சத்தமில்லாம சிரிக்கிறான். அதுக்குப் பிறகு பத்தடிக்கு ஒருக்கா நிண்டு, மானை விட்டிட்டு சுத்தவரப் பாக்கிறன், நீங்களும் பாருங்கோ. ஆக்காட்டிக் குருவி கத்தினாலும் நில்லுங்கோ, அது உங்களைத்தான் சொல்லுது.

திரும்பிறது எப்பவெண்டா, ஆடியில சூரியன் ஆறு இருவத்தஞ்சு போல விழும், நீங்க ஆறு மணிக்கே பைக்கடியில நிக்கோணும். படம் எடுத்து முடிஞ்சுதெண்டு எழும்பி நிண்டு கைகால் முறிக்காதீங்கோ, வந்த மாதிரியே பதுங்கிப் பின்வாங்குங்கோ, அப்பத்தான் நாளைக்கும் அதே இடத்தில நிக்கும். யானை மரக்கொப்பு முறிக்கிற சத்தம் கேட்டா மான் படமும் வேணாம் ஒண்டும் வேணாம், நேர ரோட்டுக்கு. போன கிழமை நாங்க அப்பிடித்தான் வந்தனாங்கள், ஜங்ஷன் கடையில பிளேன்டி குடிச்சுக்கொண்டு கூட்டாளி போனைத் திறந்து காட்டினான், நாப்பத்தி மூண்டு படம், அதில மூண்டிலதான் மான், மிச்சமெல்லாம் என்ர முதுகு.