கும்பகோணத்தில் தங்கி மூன்று சோழர் கோயில்கள்: தனியாகக் கிளம்புகிறவர்களுக்கு

தஞ்சைப் பெரிய கோயில், கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம், இந்த மூன்றையும் பார்க்கப் போன தை மாதம் மூன்று நாள் தனியாகப் போய் வந்தேன். அதற்கு முந்தைய வருடமும் போனேன், அந்தப் பயணம் சொதப்பல். இரண்டுக்கும் நடுவில் என்ன மாறியது என்பதுதான் இந்தப் பதிவு. ரயில் டிக்கெட் எடுப்பது, ஆன்லைனில் அறை தேடுவது எல்லாம் உங்களுக்கே தெரியும், அதற்குள் போகவில்லை.

1. தங்கும் இடம்

தஞ்சாவூரில் தங்குவதா, கும்பகோணத்தில் தங்குவதா என்று கேட்டால் யோசிக்காமல் கும்பகோணம் என்பேன். தாராசுரம் நாலைந்து கிலோமீட்டர், சுவாமிமலை எட்டு, கங்கைகொண்ட சோழபுரம் முப்பத்தைந்து, தஞ்சாவூர் நாற்பது. நடுவில் உட்கார்ந்துகொண்டு நாலு பக்கமும் போய் வரலாம். காலையில் டிகிரி காபி கிடைக்கும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெண்கள் தனியாகப் போனால் ஒரு சிக்கல் உண்டு. முதல் தடவை ஒரு லாட்ஜில் முன்பணம் கட்டிவிட்டு இரவு ஒன்பது மணிக்குப் போய் நின்றேன். வரவேற்பில் இருந்தவர் என் பின்னால் எட்டிப் பார்த்து, "கூட யாரும் வரலீங்களா?" என்றார். இல்லை என்றதும் அறையும் இல்லை என்றாகிவிட்டது. பணம் திரும்பி வர மூன்று வாரம். இப்போதெல்லாம் முன்பதிவு செய்த கையோடு போன் போட்டு, "ஒரே ஆள், பெண், ராத்திரி இத்தனை மணிக்கு வருவேன், ஆதார் கொண்டு வருகிறேன்" என்று சொல்லிவிடுகிறேன். சரி என்று சொன்னவரின் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்வேன். பதில் சொல்ல இழுத்தால் அந்த இடம் வேண்டாம்.

2. கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள், நடை சாத்தும் நேரத்தைப் பாருங்கள்

நான் வழுக்கி விழுந்த இடம் இதுதான். வரைபடத்தைப் பார்த்து, கிட்டே இருப்பதை முதலில் முடிப்போம் என்று காலையில் தாராசுரம், பிறகு சுவாமிமலை, அதற்குப் பிறகு கங்கைகொண்ட சோழபுரம் என்று திட்டம் போட்டேன். சோழபுரத்தில் இறங்கும்போது மணி பன்னிரண்டே கால். சன்னிதி சாத்தியாகிவிட்டது. இனி நாலு மணிக்குத்தான். புல்வெளி ஓரம் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலையும் மூடியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். திறந்த பிறகு உள்ளே போனால், திரும்பிப் போகும் பேருந்தைப் பற்றிய கவலையில் சிற்பம் ஒன்றும் மனதில் நிற்கவில்லை.

இப்படி மாற்றுங்கள். கோயில்களைக் காலையிலும், மாலை நான்குக்கு மேலும் வையுங்கள். நடுப்பகலுக்கு நடை சாத்தாத இடங்கள்: பட்டறை, அருங்காட்சியகம், சாப்பாடு, தூக்கம். தொலைவாக இருப்பதற்கு முதலில் கிளம்புங்கள்.

முதல் நாள் காலை ஆறரைக்கெல்லாம் கும்பகோணம் பேருந்து நிலையத்தில் இருங்கள். அணைக்கரை வழியாக ஜெயங்கொண்டம் போகும் பேருந்தைக் கேட்டு ஏறுங்கள். ஏறும்போதே நடத்துநரிடம் "கோயிலுக்குப் போகணும்" என்று சொல்லிவிடுங்கள். எங்கே இறங்கினால் நடை குறைவு என்று அவரே சொல்வார். ஜன்னல் சீட்டு பிடியுங்கள், காரணம் இருக்கிறது. அணைக்கரையில் பேருந்து கொள்ளிடத்தைக் கடக்கும். அங்கே இருக்கும் கீழணை ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் காலத்தில், 1836இல் கட்டியது. அந்த அணைக்குக் கல் வேண்டும் என்று இடித்தது எதைத் தெரியுமா? நீங்கள் பார்க்கப் போகிற கோயிலின் சுற்று மதிலை. முதல் தடவை இது தெரியாமல் கொள்ளிடத்தின் மேல் தூங்கிக்கொண்டே போனேன். இரண்டாம் தடவை மதில் இல்லாமல் வெட்டவெளியில் நிற்கிற விமானத்தை, அதாவது கருவறைக்கு மேலே எழும் கோபுரத்தைப் பார்த்தபோது, கொஞ்ச நேரத்துக்கு முன் கடந்து வந்த தண்ணீர்தான் ஞாபகம் வந்தது.

ராஜேந்திர சோழன் கட்டிய இந்த விமானம் அப்பா ராஜராஜனின் தஞ்சை விமானத்தைவிட உயரம் குறைவு. ஆனால் மேலே போகப் போக உள்வாங்கி வளைகிறது. எனக்கு இதுதான் அழகு, யார் சண்டைக்கு வந்தாலும் சரி. வடக்குப் பக்க வாசலில் சண்டேச அனுக்கிரக மூர்த்தியைத் தவறவிடாதீர்கள். கீழே உட்கார்ந்திருக்கும் சண்டேசர் தலையில் சிவன் பூமாலை சுற்றிக்கொண்டிருப்பார். கைகூப்பிக் குனிந்திருக்கும் அந்த முகத்தைப் பார்க்க மட்டுமே இன்னொரு முறை போவேன். வெளியே வந்து ஆட்டோ பிடித்து இரண்டு கிலோமீட்டர் போனால் மாளிகைமேடு. அரண்மனை என்று எதிர்பார்க்காதீர்கள், அகழ்ந்தெடுத்த செங்கல் அடித்தளம்தான் இருக்கும். சுமார் இருநூற்றைம்பது வருடம் தலைநகராக இருந்த ஊர் அது. பத்து நிமிடம் போதும். வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுங்கள்.

3. தாராசுரமும் சுவாமிமலையும் ஒரே நாளில்

டவுன் பஸ் போதும். பெண்களுக்குச் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணம் கிடையாது, 2021இலிருந்து அப்படித்தான்.

தாராசுரத்துக்கு எட்டு மணிக்குள் போங்கள். பத்து மணிக்கு மேல் கல்தரை கால் வைக்க விடாது. ஐராவதேசுவரர் கோயில் இரண்டாம் ராஜராஜன் காலம், பன்னிரண்டாம் நூற்றாண்டு. எல்லாரும் தேர்ச்சக்கரத்தின் முன் நின்று படம் எடுத்துவிட்டு, தட்டினால் ஓசை வரும் படிக்கட்டைத் தேடுவார்கள். அதற்குக் கம்பிவலை போட்டிருக்கிறார்கள், தட்ட முடியாது. அதை விட்டுவிட்டுக் குனிந்து பாருங்கள். கருவறைச் சுவரின் கீழ்ப்பகுதியில் உள்ளங்கை உயரத்துக்கு வரிசையாகச் சின்னச் சின்னச் சிற்பங்கள், அறுபத்துமூவர் கதைகள். கண்ணப்பரும் நந்தனாரும் யாரென்று தெரிந்திருந்தால் ஒரு மணி நேரம் போவதே தெரியாது. தெரியாவிட்டால் முந்தின இரவு பத்து நாயன்மார் கதையாவது படித்துவிட்டு வாருங்கள். யானையும் காளையும் ஒரே தலையைப் பங்கு போட்டுக்கொள்ளும் சிற்பம் ஒன்றும் இருக்கிறது. அதை நீங்களே கண்டுபிடியுங்கள்.

நடுப்பகலுக்குச் சுவாமிமலை. ஐம்பொன் சிலை வார்க்கும் ஸ்தபதிகளின் ஊர். இங்கே எச்சரிக்கை: "சிலை செய்யற இடத்துக்குப் போங்க" என்று ஆட்டோவில் சொன்னால் கடையில் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். கண்ணாடி அலமாரி, ஏசி, விலைச்சீட்டு. நமக்கு வேண்டியது பட்டறை. வறட்டிப் புகையும் களிமண்ணும் இருந்தால் சரியான இடம். இரண்டு மூன்று நாள் முன்னதாகவே போனில் கூப்பிட்டு இரண்டு கேள்வி கேளுங்கள்: வார்ப்பு என்றைக்கு? மெழுகு வேலை ஒரு மணி நேரம் உட்கார்ந்து கற்றுக்கொள்ளலாமா, எவ்வளவு? வார்ப்பு தினமும் நடக்காது. சும்மா போய் நின்றால் யாரோ ஒருவர் உளியால் தட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான்.

நான் போனபோது பெரியவர் ஒருவர் சொல்லிக்கொடுத்தார். தேன்மெழுகில் குங்கிலியப் பிசினும் எண்ணெயும் சேர்த்து இளக்கி வைத்திருந்தார். பக்கத்தில் ஒரு தென்னை ஓலை நறுக்கு, அதை மடித்து மடித்து அளவு பிரிக்கிறார். மீட்டர் டேப் அங்கே இல்லை. மெழுகில் உருவம் முடிந்ததும் காவிரி வண்டல் மண்ணைக் குழைத்து முதல் பூச்சு. அது நைஸாக இருக்க வேண்டும், ஏனென்றால் நகக்கீறல்வரை அதில்தான் பதியும். அதன்மேல் மணல் கலந்த முரட்டு மண். காய்ந்த பிறகு வறட்டி அடுக்கிச் சுட்டால் மெழுகு உருகி ஓடிவிடும், அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறியதும் மண்ணை உடைக்க வேண்டும். ஆகவே ஒரு அச்சுக்கு ஒரு சிலைதான்.

"அச்சை வெச்சிக்கிட்டு இன்னொண்ணு ஊத்த முடியாதா அய்யா?" என்றேன்.

"முடிஞ்சா நான் ஏம்மா இன்னும் இங்க உக்காந்திருக்கேன்?" என்றார்.

எனக்கு ஒரு தாமரை மொட்டு செய்யக் கொடுத்தார். இதழை விரலால் அழுத்த அழுத்த அது வெங்காயம் மாதிரி ஆகிவிட்டது. தண்ணீரில் விரலை நனைத்துக்கொண்டு வேலை செய்தால் ஒட்டாது என்பதை அவர் மூன்று முறை சொன்ன பிறகுதான் கேட்டேன்.

4. தஞ்சாவூரும் வழிகாட்டியும்

தனியாகப் போகிறவர்கள் வழிகாட்டி வைக்கத் தயங்குவார்கள். ஒரு ஆளுக்கு எதற்குச் செலவு என்று தோன்றும். எல்லா இடத்துக்கும் தேவையில்லைதான். பெரிய கோயிலுக்கு மட்டும் கட்டாயம் வையுங்கள், அங்கே படிக்க வேண்டியது அவ்வளவும் சுவரில் இருக்கிறது, நம்மால் படிக்க முடியாத எழுத்தில்.

முதல் தடவை வாசலில் வந்து நின்றவரையே கூட்டிக்கொண்டு போனேன். விமானத்தின் மேற்குப் பக்கம், காலை எட்டரை மணி. "இந்தக் கோபுர நிழல் தரையில விழவே விழாது மேடம்" என்றார். நாங்கள் இரண்டு பேரும் அந்த நிழலில்தான் நின்றுகொண்டிருந்தோம். குளுகுளுவென்று இருந்தது.

அதனால் இரண்டாம் தடவை முன்பே போனில் பேசினேன். சுற்றுலாத் துறை அலுவலகத்தில் கேட்டால் உரிமம் பெற்ற வழிகாட்டிகளைச் சொல்வார்கள். அடையாள அட்டையைக் காட்டச் சொல்லுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். எத்தனை மணி நேரம், எவ்வளவு என்று முதலிலேயே பேசுங்கள். அதோடு என் இரண்டு சோதனைக் கேள்விகள். ஒன்று, நிழல் விழுமா? சிரித்தால் நல்ல ஆள். இரண்டு, "அக்கன் குடுத்தனவும்" என்ற வரியைக் காட்டுவீர்களா?

தான் கொடுத்ததையும், தன் அக்கா குந்தவை கொடுத்ததையும், தன் மனைவியர் கொடுத்ததையும், மற்றவர்கள் கொடுத்ததையும் கல்லில் வெட்டச் சொல்கிறான் ராஜராஜன். 1010இல் முடிந்த கோயில். எனக்குக் கிடைத்தவர் நேராக விமானத்தின் அடிப்பகுதிக்குக் கூட்டிப்போய், கல்லைத் தொடாமல் விரலைக் காற்றில் நகர்த்தி எழுத்துக்கூட்டிப் படித்தார். இரண்டாவது வார்த்தையிலிருந்து எனக்கும் ஒன்றிரண்டு எழுத்து பிடிபட்டது. கோயிலில் ஆடுவதற்காக நானூறு தளிச்சேரிப் பெண்டுகளைக் கொண்டுவந்து, ஒவ்வொருவர் பெயரையும், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பதையும் வெட்டி வைத்திருப்பதை அவர்தான் சொன்னார். நான் அன்றைக்குத் தங்கியிருந்த அறைக்குக் கதவில் எண்கூடக் கிடையாது.

ஒரு ஏமாற்றத்துக்குத் தயாராகப் போங்கள். கருவறையைச் சுற்றிய உள்சுற்றில் இருக்கும் சோழர் ஓவியங்களையும், மேல்தளத்து நாட்டியக் கரணச் சிற்பங்களையும் பொதுமக்கள் பார்க்க விடுவதில்லை. "நான் ஏற்பாடு பண்றேன்" என்று யாராவது சொன்னால் பணம் கொடுக்காதீர்கள்.

வழிகாட்டியைக் கோயில் வாசலில் சந்தித்து வாசலிலேயே விடைபெறுங்கள். அவர் வண்டியில் ஏறி அடுத்த இடத்துக்குப் போகும் வழக்கம் எனக்கு இல்லை. ஆட்டோ ஏறினால் வண்டி எண் என் அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் போய்விடும். அவள் ஒருநாளும் பதில் போட்டதில்லை, ஆனால் நீலக் குறி விழும்.

நடுப்பகலுக்கு அரண்மனை வளாகம். கலைக்கூடத்துச் செப்புத்திருமேனிகளைச் சுவாமிமலைக்கு அடுத்த நாள் பாருங்கள், முந்தின நாள் வேண்டாம். மெழுகைக் கையால் தொட்டபிறகு அந்தச் சிலைகளின் விரல்களைப் பார்ப்பது வேறு.

5. பையில்

சின்ன பைனாகுலர் ஒன்று. விமானத்தின் மேல்தட்டுகளுக்குப் போன் ஜூம் உதவாது. பருத்திக் காலுறை இரண்டு ஜோடி, கல்சூட்டுக்கு. முக்காலி வேண்டாம், தொல்லியல் துறையிடம் தனி அனுமதி கேட்பார்கள். செல்ஃபி குச்சியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு சேர்த்தவை

ஐப்பசிப் பௌர்ணமியன்று சோழபுரம் போன ஒருவர், சிற்பத்தைப் பார்க்கவே முடியவில்லை என்று எழுதியிருந்தார். அன்றைக்கு அன்னாபிஷேகம், கூட்டம் அப்படித்தான் இருக்கும். ஆடித் திருவாதிரையும் அப்படியே. தஞ்சையில் ஐப்பசிச் சதய விழா. விழாவுக்காகப் போனால் விழாவைப் பாருங்கள், சிற்பத்துக்கு வேறு நாள் வையுங்கள்.

வெளிநாட்டில் இருந்து வந்து சிலை வாங்குகிறவர்கள் பட்டறையிலேயே ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். இது பழம்பொருள் அல்ல என்று தொல்லியல் துறை தரும் சான்றிதழைப் பற்றியும் அங்கேயே கேளுங்கள். விமான நிலையத்தில் போய் விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

மெழுகில் செய்ததை வீட்டுக்குக் கொண்டு வரலாமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். கொண்டு வரலாம். என் தாமரையைத் துணியில் சுற்றிப் பையின் மேல் அறையில் வைத்திருந்தேன். அடுத்த நாள் தஞ்சாவூர் வெயிலில் பை என் முதுகிலேயே இருந்தது. ராத்திரி ரயிலில் பிரித்துப் பார்த்தேன், துணியும் மெழுகும் ஒன்றாகியிருந்தன. நீங்கள் ஒரு டப்பாவில் தண்ணீர் ஊற்றி அதற்குள் போட்டு எடுத்து வாருங்கள்.