வி.எஸ். கோடின் ஏ.ஐ. உதவியாளருடன் எம்.சி.பி. சர்வரை இணைக்கும் முறை

நிரல் எழுதும் எடிட்டருக்குள் இருக்கும் ஏ.ஐ. உதவியாளருக்கு உங்கள் தரவுத்தளத்தையோ பணிப் பட்டியலையோ தானாகத் திறந்து பார்க்கும் வழி இல்லை. அதற்கு வேண்டிய கருவிகளை வெளியிலிருந்து வழங்குவதே எம்.சி.பி. சர்வரின் வேலை. எம்.சி.பி. (மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்) என்பது ஏ.ஐ. உதவியாளரும் இத்தகைய சர்வரும் பேசிக்கொள்வதற்கான நெறிமுறை. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட இந்த நெறிமுறையைப் பல எடிட்டர்கள் ஏற்றுக்கொண்டுள்ளன. இங்கே வி.எஸ். கோட் எடிட்டரில் கிட்ஹப் கோபைலட் என்ற ஏ.ஐ. உதவியாளரைப் பயன்படுத்துவோருக்கான வழி தரப்படுகிறது.

சர்வர் எங்கே இயங்கப் போகிறது என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். உங்கள் கணினியில் இயங்குவதாயின், எடிட்டரே ஒரு கட்டளையால் அதைத் தொடங்கிவிடும். தொலைவில் இயங்குவதாயின் அதன் இணைய முகவரி போதும். பிறகு கமாண்ட் பேலட்டில் (எடிட்டரின் கட்டளைகளைத் தேடி இயக்கும் பெட்டி) 'எம்.சி.பி.: ஆட் சர்வர்' என்பதைத் தேர்ந்தெடுத்து, கேட்கப்படும் விவரங்களைக் கொடுங்கள்.

இந்த விவரங்கள் ஒரு ஜேசன் கோப்பில் (அமைப்புகளை எழுதிவைக்கும் உரைக் கோப்பு) சேமிக்கப்படும். அதை இந்தத் திட்டத்துக்கு மட்டும் வைப்பதா, எல்லாத் திட்டங்களுக்கும் பொதுவாக வைப்பதா என்ற கேள்வியைச் சற்று நின்று யோசிப்பது நல்லது. திட்டத்துக்குள் வைத்தால் அந்த ஜேசன் கோப்பு நிரல் மாற்றங்களைப் பகிரும் கிட் வழியாகக் குழுவினர் அனைவருக்கும் போய்ச் சேரும். வசதிதான், ஆனால் அதில் ஏ.பி.ஐ. சாவியை (சேவையை அணுகுவதற்கான ரகசியக் குறியீடு) நேரடியாக எழுதியிருந்தால் அதுவும் சேர்ந்தே போகும். ஆகவே சாவியைக் கோப்பின் 'இன்புட்ஸ்' பகுதியில் கடவுச்சொல் வகை உள்ளீடாக அறிவித்துவிட்டால், சர்வர் முதன்முறை தொடங்கும்போது எடிட்டர் அதை உங்களிடம் கேட்டுப் பாதுகாப்பாகச் சேமித்துக்கொள்ளும். வேறு எடிட்டருக்கான மாதிரியை அப்படியே ஒட்டுவோரும் கவனிக்க வேண்டும்: கர்சர் என்ற எடிட்டரில் 'எம்.சி.பி.சர்வர்ஸ்' என்றிருக்கும் தலைப்பு இங்கே வெறும் 'சர்வர்ஸ்' மட்டுமே.

சர்வரைத் தொடங்கும்போது அதை நம்புகிறீர்களா என்று எடிட்டர் கேட்கும். உள்ளூர் சர்வர் உங்கள் கணக்கின் உரிமைகளுடனேயே இயங்கக்கூடியது என்பதால், யார் எழுதியது என்று தெரியாத நிரலுக்கு இந்த இடத்தில் ஒப்புதல் தர வேண்டாம்.

அடுத்து சாட் பகுதியை, உதவியாளர் கருவிகளைத் தானே இயக்கும் ஏஜென்ட் முறைக்கு மாற்றி, கருவிகள் பொத்தானை அழுத்திப் பாருங்கள். ஒரு கோரிக்கையில் அதிகபட்சம் 128 கருவிகளே இடம்பெற முடியும். அந்த வரம்பை எட்டுவதற்கு முன்பே, ஒத்த பெயர்கள் மிகுந்தால் மாடல் தவறான கருவியை எடுக்கத் தொடங்கும். தேவையற்றவற்றின் தேர்வை நீக்கிவிடுங்கள்.

சர்வர் தொடங்கவில்லையெனில், 'லிஸ்ட் சர்வர்ஸ்' வழியாக அதன் வெளியீட்டுப் பதிவைப் படியுங்கள். கட்டளை கிடைக்கவில்லை என்றிருந்தால், அந்தக் கட்டளை இருக்கும் இடத்தின் பாதை டெர்மினலுக்குத் தெரிந்திருந்தாலும் எடிட்டருக்குத் தெரியாமல் இருக்கலாம்; கட்டளையின் முழுப் பாதையையும் எழுதினால் சரியாகிவிடும். உள்ளூர் சர்வர் நீங்களே எழுதியதாக இருந்தால், வழக்கமான வெளியீட்டில் (ஸ்டாண்டர்ட் அவுட்புட்) நெறிமுறைச் செய்திகளைத் தவிர எதையும் அச்சிடக் கூடாது. சோதனைக்காகச் சேர்த்த ஒரு பிரிண்ட் வரிகூட உரையாடலைக் குலைத்துவிடும். அத்தகைய குறிப்புகளைப் பிழை வெளியீட்டுக்கு (ஸ்டாண்டர்ட் எரர்) அனுப்புங்கள்.

கருவியை இயக்குமுன் கேட்கப்படும் அனுமதியை, தரவைப் படிக்க மட்டுமே செய்யும் கருவிகளுக்கு நிரந்தரமாகக் கொடுக்கலாம். எழுதவோ அழிக்கவோ வல்லவற்றுக்கு ஒவ்வொரு முறையும் உள்ளீட்டைப் பார்த்த பின்பே அனுமதி கொடுங்கள்.