கிடந்து எழும்பிய ஜெனரேற்றர் ஏறி இறங்கி ஓடினால்

2022 மார்ச் 31 அன்று இலங்கை முழுக்க 13 மணித்தியாலம் கரண்ட் நின்றது. அந்த வருடம் வாங்கிய சின்னப் பெற்றோல் ஜெனரேற்றர்கள் பல இன்றைக்கும் வன்னியில் கொட்டில் மூலைகளில் சாக்குப் போர்த்தபடி கிடக்கின்றன. கோயில் பொங்கல் வந்தால், அல்லது மாரி மழையில் மரம் விழுந்து லைன் அறுந்தால்தான் வெளியில் வரும். இருபது தரம் கயிறு இழுத்தால் ஸ்ராட் எடுக்கும். எடுத்தாலும் சீராக ஓடாது. வேகம் ஏறும், விழும், திரும்ப ஏறும். பல்ப் அதோடு சேர்ந்து கூடிக் குறைந்து எரியும். காற்றைக் குறைக்கும் சோக்கை முழுக்கத் திறந்தால் நின்றுவிடும்.

இப்படி ஓடும் என்ஜினில் அநேகமாக ஒன்றும் உடைந்திருக்காது. ஆனால் அதைக் கண்டவுடன் ஸ்குறூ டிரைவரை எடுத்து, வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னரின் ஸ்பிரிங் ஸ்குறூவைத் திருகுவதுதான் பலருடைய முதல் வேலை. தயவுசெய்து அதில் கை வைக்காதீர்கள். கவர்னர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. பெற்றோல் போதாமல் வேகம் விழுகிறது. கவர்னர், பெற்றோலும் காற்றும் உள்ளே போகும் வழியான திறொட்டிலைத் திறக்கிறது. பெற்றோல் வந்து வேகம் கூடுகிறது. கவர்னர் மூடுகிறது. உடனே பெற்றோல் திரும்பவும் போதாமல் போகிறது. நீங்கள் கேட்கும் ஏற்ற இறக்கம் இதுதான். குறை, பெற்றோலைக் காற்றோடு கலக்கும் காபரேற்றருக்குள் இருக்கிறது.

கீழே தரும் அளவுகள் 2 முதல் 3 கே.வி.ஏ. வரையான, ஹொண்டா ஜி.எக்ஸ். 160 என்ஜினையும் அதே அச்சில் வார்த்த சீன என்ஜின்களையும் கொண்ட ஜெனரேற்றர்களுக்கானவை. எங்கள் பக்கத்தில் கிடப்பவை பெரும்பாலும் இவைதான். டீசல் என்ஜினுக்கு இவை பொருந்தாது.

கயிற்றை இழுக்க முன்

முதலில் சுற்றிப் பாருங்கள். ஆறு மாதம் கிடந்த சைலன்சருக்குள் குளவி மண் கூடு கட்டியிருக்கும். இழுகயிற்று மூடிக்குப் பின்னால், காற்றாடியைச் சுற்றி, எலி பஞ்சும் வைக்கோலும் சேர்த்திருக்கும். அதோடு ஓட்டினால் சிலிண்டருக்குக் காற்றுப் போகாமல் என்ஜின் சூடேறி இறுகும். மூடியைக் கழற்றித் துப்புரவாக்குங்கள். சைலன்சர் வாயில் கம்பிவலை இருந்தால் அதையும் கழற்றிக் கம்பித் தூரிகையால் தேயுங்கள்.

அடுத்தது ஒயில். ஒயில் குச்சியை இழுத்து மணந்து பாருங்கள். பெற்றோல் மணம் வந்தால், அல்லது மட்டம் வாயைத் தாண்டி நின்றால், காபரேற்றர் வழிந்து பெற்றோல் உள்ளே இறங்கியிருக்கிறது. அந்த ஒயிலோடு ஒரு நிமிடம்கூட ஓட்டக்கூடாது. பால் தேத்தண்ணி நிறமாக இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. எப்படியிருந்தாலும் வருடக்கணக்கில் கிடந்த ஒயிலை மாற்றுவதே நல்லது. 10டபிள்யூ-30 ஒயில் 0.6 லீற்றர் போதும். என்ஜினைச் சமமான நிலத்தில் வைத்து, ஊற்றும் வாயின் விளிம்பு வரை விடுங்கள். மட்டம் குறைந்தால் பல என்ஜின்களில் சென்சர் பிளக்கின் தீப்பொறியை நிறுத்திவிடும். பிறகு எவ்வளவு இழுத்தாலும் ஸ்ராட் வராது.

பிளக்கைக் கழற்றி, அந்தத் துளைக்குள் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு, கயிற்றை மெதுவாக ஐந்தாறு தரம் இழுங்கள். இறுகியிருந்தால் பலம் போடாமல் ஒரு இரவு விட்டுவிடுங்கள். பிளக் இடைவெளி 0.7 முதல் 0.8 மில்லி மீற்றர். கரி பிடித்துக் கறுத்த பிளக்கைத் தேய்த்துக் கொண்டிருப்பதைவிட, மோட்டார் சைக்கிள் சாமான் கடையில் பி.பி.ஆர். 6 ஈ.எஸ். என்று கேட்டுப் புதியது வாங்குங்கள். புதுப் பிளக்கைக் கையால் முட்டும் வரை திருகி, பிறகு சாவியால் அரைச் சுற்று மட்டும் இறுக்க வேண்டும்.

பழைய பெற்றோல்

தாங்கியில் இருப்பதை ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்து, நிழலில் பத்து நிமிடம் வைத்துப் பாருங்கள். நல்ல பெற்றோல் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். கெட்டது வெறும் தேத்தண்ணி நிறத்தில், வார்னிஷ் மணத்தோடு இருக்கும். அடியில் பாதரசம் போல உருண்டு ஓடுவது தண்ணீர். மாரி காலத்தில் பாதி நிரம்பிய தாங்கிக்குள் ஈரக் காற்று குளிர்ந்து அப்படித்தான் சேர்கிறது. அதற்கும் கீழே செம்மண் போலப் படிவது தாங்கியின் கறள்.

பெற்றோலின் இலகுவான பகுதி ஆவியாகிப் போய்விட்டால் மிஞ்சுவது சரியாகத் தீப்பற்றாது. நாளாக நாளாக அது பிசினாகும். இரண்டு மூன்று மாதம் கடந்ததை நம்ப வேண்டாம். புதிதை அதன் மேல் ஊற்றிக் கலக்கவும் வேண்டாம். முழுவதையும் வடித்துவிடுங்கள். தெளிய வைத்தால் பழைய பெற்றோல் என்ஜின் சாமான் கழுவ உதவும். கிணற்றடியிலோ வாய்க்காலிலோ ஊற்றாதீர்கள். நிலத்தில் இறங்கியது குடிதண்ணீருக்குத்தான் வந்து சேரும். குப்பை கொளுத்தவும் எடுக்காதீர்கள். ஆவி முகத்துக்கு நேரே பத்தும்.

தாங்கியில் கறள் இருந்தால் அதைக் கழற்றி, ஒரு கைப்பிடி சின்ன நட்டுகளும் அரை லீற்றர் மண்ணெண்ணெயும் போட்டுக் குலுக்கி ஊற்றுங்கள். நட்டுகளை எண்ணிப் போட்டு எண்ணி எடுக்க வேண்டும். கடைசியில் கொஞ்சம் பெற்றோலால் அலசிக் காயவிடுங்கள். பெற்றோலைத் திறந்து மூடும் பைப்புக்குக் கீழே உள்ள சின்னக் கிண்ணத்தையும் கழற்றி வலையைக் கழுவுங்கள். பிறகு ரியூப்பைக் காபரேற்றர் பக்கம் கழற்றி, தாங்கி மூடியை இறுக்கிய நிலையில் போத்தலுக்குள் ஓடவிடுங்கள். ஒரு நிமிடம் தாரை அறாமல் ஓட வேண்டும். தொடங்கும்போது ஓடிப் பிறகு சொட்டாகி, மூடியைத் தளர்த்தியதும் திரும்பப் பாய்ந்தால், மூடியின் காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது. பத்து நிமிடம் ஒழுங்காக ஓடி நிற்கும் ஜெனரேற்றர்களில் இதுவும் ஒரு முக்கிய காரணம்.

போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது சில துளி பெற்றோலில் ஸ்ராட் எடுத்து மண்ணெண்ணெயில் ஓட்டிய பழக்கம் வன்னிக்கு உண்டு. அன்று வேறு வழியில்லை. இன்று இந்த ஜெனரேற்றரில் அதைச் செய்ய வேண்டாம். தோட்டத்து மண்ணெண்ணெய் மிசின் குறைந்த அமுக்கத்துக்கென்றே செய்யப்பட்டது. இதில் விட்டால் எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் ரிங்கைக் கடந்து ஒயிலைத் தண்ணியாக்கும், பிளக்கில் கரி கட்டும், பாரம் போட்டால் என்ஜின் தட்டும்.

காபரேற்றருக்குள்

எந்தப் பக்கம் அடைப்பு என்பதைக் கழற்ற முன்னமே கண்டுபிடிக்கலாம். பாரம் இல்லாமல் ஏறி இறங்கி ஓடி, ஒரு அயன் பெட்டியைப் பூட்டியதும் சீராகினால், சின்ன ஜெற் (பெற்றோல் போகும் நுண்துளையுள்ள பித்தளைத் துண்டு) அடைபட்டிருக்கிறது. பாரமில்லாதபோது திறொட்டில் கிட்டத்தட்ட மூடியே நிற்கும். அப்போது பெற்றோலைக் கொடுப்பது பெரும்பாலும் அந்தச் சின்ன ஜெற்தான். பாரம் போட்டதும் திணறி, பாதிச் சோக்கில் மட்டும் ஓடினால் நடுவில் இருக்கும் பெரிய ஜெற்றைப் பாருங்கள். கறுத்த புகையோடு திணறினால் அடைப்பல்ல, பெற்றோல் கூடிவிட்டது. எயார் பில்டரும், கிண்ணத்தில் பெற்றோல் மட்டத்தைப் பிடிக்கும் மிதவையும்தான் அங்கே விசாரிக்க வேண்டியவை.

பெற்றோல் பைப்பை மூடி, பில்டர் பெட்டியைக் கழற்றினால் காபரேற்றரை இரண்டு நீள ஆணிகளிலிருந்து இழுத்து எடுக்கலாம். கவர்னர் கம்பியும் அதோடு ஒட்டிய மெல்லிய ஸ்பிரிங்கும் எந்தத் துளையில் இருந்தன என்று கைத்தொலைபேசியில் படம் எடுத்துவிட்டுக் கழற்றுங்கள். துளை மாறினால் பிறகு எத்தனை தரம் கழுவினாலும் ஒழுங்காக ஓடாது. பெற்றோல் சிந்தும் வேலை இது. மர நிழலில், அடுப்புக்கும் சிகரெட்டுக்கும் தூரத்தில் செய்ய வேண்டும்.

கீழ்க் கிண்ணத்தை 10 மில்லி மீற்றர் சாவியால் கழற்றலாம். மிதவையின் அச்சுக் கம்பியை இழுத்து, மிதவையையும் அதில் தொங்கும் ஊசியையும் கவனமாக எடுங்கள். ஊசியின் றப்பர் முனையில் வட்டமாகப் பள்ளம் விழுந்திருந்தால் ஊசியை மாற்றுங்கள். மிதவையைக் காதருகே குலுக்கிப் பாருங்கள். உள்ளே சலசலத்தால் அது ஓட்டை. நடுத் தூணுக்குள் பெரிய ஜெற் இருக்கிறது. அதன் வெட்டுக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்குறூ டிரைவர் வேண்டும். பித்தளை மெதுவானது, வாய் சிறுத்ததைப் போட்டால் வெட்டு உடைந்து ஜெற் அங்கேயே கிடக்கும். ஜெற்றுக்கு மேல், பக்கமெல்லாம் துளையுள்ள ஒரு குழாய் தானாக விழும். விழாவிட்டால் மேலிருந்து தீக்குச்சியால் தள்ளுங்கள்.

சின்ன ஜெற்றைத்தான் பலர் தவற விடுகிறார்கள். அது மேற்பக்கத்தில், வேகம் வைக்கும் ஸ்குறூவின் தலைக்குக் கீழே பிளாஸ்ரிக் தொப்பியோடு ஒளிந்திருக்கும். அந்த ஸ்குறூ முழுக்க இறுகும்வரை எத்தனை சுற்று என்று எண்ணிக் குறித்துக்கொண்டு கழற்றி, தொப்பியை மெல்ல நெம்பி எடுங்கள். நுனியில் இருக்கும் துளை தலைமயிரைவிடக் கொஞ்சம் பெரியது. சூரியனுக்கு நேரே பிடித்தால் நல்ல ஜெற்றில் கூரிய வட்ட ஒளிப்புள்ளி தெரியும். கிடந்த ஜெற்றில் ஒன்றும் தெரியாது, அல்லது ஓரம் பிசிறிய பிறைதான் தெரியும்.

துளையைத் திறக்க ஊசியோ துளைப்பானோ வேண்டாம். துளை ஒரு பொட்டுப் பெருத்தாலும் அந்த ஜெற் பாழ். அதற்குப் பிறகு என்ஜின் கறுத்த புகை விட்டுப் பெற்றோலைக் குடிக்கும். பழைய பிளெக்ஸ் வயரை உரித்து, உள்ளே இருக்கும் செப்பு இழைகளில் ஒன்றைப் பிரித்து நுழையுங்கள். செப்பு பித்தளையைக் கீறாது. இழை போகாவிட்டால் ஜெற்றைக் காபரேற்றர் கிளீனரில் ஒரு மணித்தியாலம் ஊறவிட்டுத் திரும்ப முயலுங்கள். பிறகு காபரேற்றரின் உடம்பில் உள்ள ஒவ்வொரு துளைக்குள்ளும் ஸ்பிரே அடித்து, மறுபக்கத்தால் தாரை வருகிறதா என்று பாருங்கள். கண்ணுக்குக் காப்பு இல்லாமல் இதைச் செய்யக்கூடாது, தாரை நேரே முகத்துக்கு வரும். கண்ணாடி போடுங்கள். றப்பர் வளையங்களில் ஸ்பிரே பட்டால் ஊதிவிடும் என்பதால் அவற்றை முன்பே கழற்றி வையுங்கள். கிண்ணத்தில் வெள்ளைப் பூப்போல அரிப்புக் கண்டு உலோகம் குழி விழுந்திருந்தால் கழுவுவதில் நேரத்தை வீணாக்காமல் முழுக் காபரேற்றரையே மாற்றுவதுதான் மலிவு.

எயார் பில்டர் பஞ்சு விரலுக்குள் பொடியானால் புதியது போடுங்கள். நல்லதென்றால் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவிட்டு, சில துளி ஒயில் விட்டுப் பிழியுங்கள். எங்கள் செம்மண் புழுதிக்குப் பில்டர் இல்லாமல் ஓட்டுவது சிலிண்டரை அரத்தால் அராவுவதற்குச் சமம்.

இன்னும் சரிவரவில்லையா

பொறி, அமுக்கம் இரண்டும்தான் மிச்சம். கயிறு தடையில்லாமல் லேசாக வந்தால் வால்வு ஒன்று பிசினில் ஒட்டித் திறந்தபடி நிற்கலாம். வால்வு மூடியைத் திறந்து, தண்டில் ஒரு துளி ஒயில் விட்டு, மரக்கட்டை வைத்து மெதுவாகத் தட்டினால் பெரும்பாலும் விடுபடும். குளிர்ந்த என்ஜினில் இடைவெளி உள்வால்வுக்கு 0.15, வெளிவால்வுக்கு 0.20 மில்லி மீற்றர். பொறி பலமில்லாவிட்டால் காந்தச் சக்கரத்தின் கறளை எமறித்தாளால் நீக்கி, கொயிலுக்கும் சக்கரத்துக்கும் இடையில் 0.4 மில்லி மீற்றர் வையுங்கள்.

என்ஜின் நன்றாக ஓடியும் கரண்ட் வராவிட்டால் பயப்பட வேண்டாம். நீண்ட நாள் கிடந்த றோட்டர் தன் மிச்சக் காந்தத்தை இழந்திருக்கலாம். என்ஜினை நிற்பாட்டி, பின்மூடியைத் திறந்து, பிறஷ் ஓடும் செப்பு வளையங்களை மெல்லிய எமறித்தாளால் துடையுங்கள். வோல்ற்றைச் சீராக்கும் ஏ.வி.ஆர். பெட்டியின் வயரைக் கழற்றிவிட்டு, 12 வோல்ற் பற்றறியைக் கூட்டல் குறிக்குக் கூட்டல், கழித்தலுக்குக் கழித்தல் என்று பிறஷ்களில் இரண்டு விநாடி தொட்டு எடுங்கள். வயரைத் திரும்பப் பூட்டி ஓட்டிப் பாருங்கள். பிறஷ் இல்லாத வகையில் அநேகமாகக் கப்பாசிற்றர்தான் கெட்டிருக்கும். அதே அளவு மைக்ரோபரட்டில் புதியது போட வேண்டும்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான், தேவையென்றால் மட்டும், கவர்னர் ஸ்குறூவுக்கு வரலாம். மீற்றரை ஹேட்ஸில் வைத்து, பாரமில்லாமல் 52 அளவில் நிறுத்துங்கள். அது நிமிடத்துக்கு ஏறக்குறைய 3,120 சுற்று. பாரம் ஏற 50க்கு இறங்கும். வோல்ற்றை மட்டும் பார்த்துத் திருகினால் ஏமாற வேண்டிவரும். என்ஜின் வேகம் மாறினாலும் ஏ.வி.ஆர். வோல்ற்றை 230க்குப் பக்கத்தில் பிடித்து வைத்துக்கொள்ளும்.

முதல் ஒரு மணித்தியாலம் பாதிப் பாரத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். ஒரு குதிரைவலுத் தண்ணீர் மோட்டர் ஓடும்போது எடுப்பதைப்போல மூன்று மடங்குக்கு மேல் தொடக்கத்தில் இழுக்கும். 2 கே.வி.ஏ. இயந்திரம் அதற்குத் தாங்காமல் போனால் அது பழுதல்ல.

மழை பெய்கிறது என்று விறாந்தைக்குள் வைத்து ஓட்டவே கூடாது. சைலன்சர் விடும் காபனோரொட்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. நித்திரையிலேயே ஆளைக் கொல்லும். வீட்டிலிருந்து 6 மீற்றராவது தள்ளி, நாலு பக்கமும் திறந்த தகரக் கொட்டில் போடுங்கள். இரண்டு பக்கமும் பிளக் வைத்த வயரால் வீட்டு லைனுக்குக் கரண்ட் கொடுப்பதும் அதேயளவு ஆபத்து. அந்தக் கரண்ட் திரும்பி ட்ரான்ஸ்போமரில் ஏறி, மழைக்குள் தூணில் நின்று உங்களுக்காக லைன் கட்டிக்கொண்டிருப்பவரைத் தாக்கும். மாற்றுச் சுவிச் ஒன்றைத் தெரிந்த வயரிங் ஆளைக் கொண்டு போடுவியுங்கள்.

திரும்ப மூலையில் வைக்கும்போது பெற்றோல் பைப்பை மூடி, தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். கிண்ணத்தின் அடி ஸ்குறூவைத் தளர்த்தி மிச்சத்தை வடியுங்கள். மூன்று மாதத்துக்கு மேல் கிடக்கப் போகிறதென்றால் தாங்கியையும் வெறுமையாக்குங்கள். கயிற்றை இழுத்து, பாரமாகத் தடுக்கும் இடத்தில் விடுங்கள். இரண்டு வால்வும் அங்கே மூடி நிற்கும், ஈரம் உள்ளே போகாது. சைலன்சர் வாயில் ஒரு துணியைச் செருகி, மறக்காமல் இருக்க அதன் நுனியை இழுகயிற்றுப் பிடியில் கட்டிவிடுங்கள்.