தொடை பிடிக்கிறதா? இடுப்பைப் பாருங்கள்

முழு வேகத்தில் ஓடும்போது 60 மீட்டர் தாண்டியதும் பின்தொடை சுருக்கென்று பிடித்தால், ஐஸ் வைத்துத் தொடையையே நீவிக்கொண்டிருப்பவர்கள் அதிகம். பல நேரம் கோளாறு ஒரு சாண் மேலே, இடுப்பில் இருக்கும்.

முழு வேகத்தில் ஒரு கால் தரையில் நிற்பது சுமார் 0.1 நொடிதான். அதற்குள், தேர்ந்த ஓட்டக்காரர்களுக்கு உடல் எடையைப் போல நாலைந்து மடங்கு விசை அந்த ஒற்றைக்கால் வழியே ஏறும். இடுப்பெலும்பைச் சாயாமல் பிடிப்பவை பிட்டத்தின் பக்கவாட்டுத் தசையும் குறுக்கின் இருபுறத் தசைகளும். அவை தளர்ந்தால் எதிர்ப்பக்க இடுப்பு தொய்ந்துவிடும்.

பெரிய தவறு, "நெஞ்சை நிமிர்த்து" என்றதும் குறுக்கை உள்ளே வளைத்துக்கொள்வது. அப்போது இடுப்பெலும்பு முன்பக்கம் கவிழும். பின்தொடைத் தசை தொடங்குவது நாம் உட்காரும் எலும்பில். அந்த எலும்பு மேலே ஏறுவதால் தசை முன்கூட்டியே இழுபட்டு நிற்கும். கால் முன்னே வீசித் தரையைத் தொடப்போகும் நேரத்தில் அது இன்னும் நீள வேண்டும். பெரும்பாலும் கிழிவது அப்போதுதான். முழங்காலும் உயரே வராது. விலாவைக் கீழே இறக்கி, தொப்புளுக்குக் கீழே லேசாக இறுக்கினால் போதும். வயிற்றை எக்கி மூச்சை அடைக்காதீர்கள்.

சிட்-அப்ஸை மட்டும் நூறு நூறாக எடுப்பதும் வீண் உழைப்பு. ஓட்டத்துக்கு வேண்டியது மடங்காமல், முறுக்காமல் தாங்கும் பலம். பக்கவாட்டு பிளாங்க் (ஒருக்களித்துப் படுத்து, முழங்கையை ஊன்றி உடலை நேராகத் தூக்கிப் பிடிப்பது) 20–30 நொடி, ஒற்றைக்கால் பிரிட்ஜ் (மல்லாந்து படுத்து, ஒரு காலை ஊன்றி இடுப்பைத் தூக்குவது) 8–10 முறை. இரண்டும் பக்கத்துக்கு 3 செட், வாரம் 3 நாள். பிரிட்ஜில் இடுப்பு ஒரு பக்கம் இறங்கினால் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கடலூர்க்காரர்களுக்கென்றே ஒரு தவறு உண்டு: தேவனாம்பட்டினம் கடற்கரையின் ஈர மணலில் ஒரே திசையில் விரட்டி ஓடுவது. கரை கடலை நோக்கிச் சரிவதால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில் விழும், இடுப்பும் சாயும். மெதுவோட்டம் என்றால் அதே தடத்தில் திரும்பி வந்து சமன் செய்யலாம். ஸ்பிரிண்டுக்கு டிராக்தான் சரி.

கையை நெஞ்சுக்குக் குறுக்கே வீசினாலும் இடுப்பு முறுக்கும், முன்பின்னாக வீசுங்கள்.

ஓய்வைக் குறைக்காதீர்கள். களைத்தால் இடுப்பு உட்கார்ந்துவிடும். 60 மீட்டர் முழு வேக ஓட்டத்துக்குப் பின் ஐந்தாறு நிமிடம் வேண்டும். செல்போனில் பின்னாலிருந்து ஸ்லோ மோஷன் எடுத்து, ஷார்ட்ஸின் இடுப்புப் பட்டியைக் கவனியுங்கள். ஒரு காலை ஊன்றும்போதெல்லாம் எதிர்ப்பக்கம் இறங்கினால், ஊன்றியிருக்கும் காலின் பிட்டத் தசை பலவீனமாக இருக்கலாம். குறுக்குவலி காலுக்கு இறங்கினாலோ, கால் மரத்தாலோ ஓட்டத்தை நிறுத்தி எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.