ஒரு குளம், நாலு துறை, ஒரு கொப்பி

காலநிலை மாற்றம் பற்றிப் பல துறைக்காரர் சேர்ந்து ஆய்வு செய்யப்போகிறீர்களா? முதல் கூட்டத்தை மண்டபத்தில் வைக்காதீர்கள், குளக்கட்டில் வையுங்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் விவசாயம், பொறியியல், தொழில்நுட்பம் என்று மூன்று பீடங்கள் இருக்கின்றன. நான் விவசாயம் படித்தவள். பொறியியல் பெடியன் ஒருவனோடு நான் முதன்முதல் ஒழுங்காகக் கதைத்தது ஒரு குளத்துத் துருசடியில், அதாவது வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மதகடியில்தான்.

எந்தக் குளம்? எல்லோருக்கும் கிளிநொச்சியின் பெரிய குளமான இரணைமடுவில்தான் ஆசை. வேண்டாம். அதற்கு வரும் கனகராயன் ஆற்றின் நீரேந்து பகுதி வவுனியாப் பக்கம் வரை போகிறது. வான்கதவைத் திறப்பதும் பூட்டுவதும் மனிதர் எடுக்கும் முடிவு. மழை எவ்வளவு, மனிதக் கை எவ்வளவு என்று ஒரு வருடத்தில் உங்களால் பிரிக்க முடியாது. கமநலத் திணைக்களத்தின் கீழ் வரும், 200 ஏக்கருக்குள் பாயும் ஊர்க்குளம் ஒன்றை எடுங்கள்.

பிறகு ஒரு கொப்பி வாங்கி, முதல் பக்கத்தில் ‘வறட்சி’ என்று எழுதி, ஆளாளுக்கு அர்த்தம் எழுதச் சொல்லுங்கள். வானிலைக்காரருக்கு அது சராசரியிலும் குறைந்த மழை. எனக்கு, வேர் எட்டும் ஆழத்தில் ஈரம் இல்லாதது. பொறியியலாளருக்குக் குளத்து மட்டம். பொருளியல் பிள்ளைக்கு நகை அடகுக்குப் போவது. 1985இல் வில்ஹைட், கிளான்ட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வறட்சியை இப்படித்தான் நாலாகப் பிரித்தார்கள். நாலும் ஒரே மாதத்தில் வருவதில்லை. எது முந்தி, எது எத்தனை கிழமை பிந்தி என்பதையே ஆய்வுக் கேள்வியாக வைத்தால் நாலு பேருக்கும் வேலை இருக்கும்.

அடுத்தது திகதி. இதில் நான் பட்ட வெட்கத்தைச் சொல்கிறேன். எங்கள் முதல் வரைபில் மழைக்கு ஒரு நாள் முன்னரே குளம் ஏறியிருந்தது! இங்கே மழைமானியைக் காலை 8.30க்குப் பார்ப்பார்கள், அதில் இருப்பது அதற்கு முந்திய 24 மணித்தியாலத்து மழை. நான் அதை அளந்த நாளின் பெயரில் எழுதிவிட்டேன். செய்மதித் தரவின் நாளோ கிரீனிச் நள்ளிரவில், நமக்குக் காலை 5.30க்கு, மாறுகிறது. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ‘எப்போதிலிருந்து எப்போது வரை’ என்று எழுதுங்கள். அலகையும் எழுதுங்கள்: நீர்ப்பாசனப் பதிவு ஏக்கர்-அடியில் இருக்கும், ஒரு ஏக்கர்-அடி ஏறத்தாழ 1,233 கன மீற்றர்.

வன்னியில் யுத்த காலத்துப் பதிவேடுகளில் ஓட்டை இருக்கும். சராசரி போட்டு நிரப்பாதீர்கள். 1982இலிருந்து லாண்ட்சாற் செய்மதி 30 மீற்றர் நுணுக்கத்தில் படம் எடுக்கிறது, இலவசம். மாரியில் முகில் மறைக்கும்; ஆனால் தை, மாசியில் குளத்து நீர்ப்பரப்பைப் பார்த்தால் அந்த மாரி எப்படிப் போனது என்று ஓரளவு பிடிபடும்.

மிச்சத்தை ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள். ஆண்டு கேட்டால் வராது. ‘64 புயலுக்கு முந்தியா பிந்தியா, நிஷா புயல் மழைக்குப் பிறகா என்று கேட்டால் வரும். யுத்தம் முடிந்த 2009 பற்றி நீங்களாகத் தொடாதீர்கள். அவர்களாகத் தொட்டால் பேனையை வைத்துவிட்டுக் கேளுங்கள். ஊர்ச்சொல் தெரிந்த ஒருவர் கட்டாயம் கூட இருக்கவேண்டும். “கச்சான் இப்ப முந்தி மாதிரி இல்லை” என்று ஒரு ஐயா சொன்னதை எங்கள் பெடியன் பயிர்ப் பட்டியலில் எழுதிவிட்டான். ஐயா சொன்னது மேல்காற்றை, நிலக்கடலையை அல்ல. நல்ல வேளை, கொப்பியைப் பார்த்து அவர் பேர்த்தி சிரித்தாள்.

வெப்பநிலைக்கும் இதே கவனம் தேவை. நெல் பூக்கும்போது 35 பாகை தாண்டினால் பதர் கூடும். ஆனால் பூ விரிவது முற்பகலில், நாளின் உச்ச வெப்பம் வருவது மத்தியானத்துக்குப் பிறகு. உச்ச எண்ணை மட்டும் வைத்துச் சிறுபோக (கோடைப் பயிர்ச்செய்கை) விவசாயிகளைப் பயமுறுத்தக்கூடாது. காலை 9 முதல் 12 வரை மணிக்கு மணி அளக்கும் சின்னக் கருவி ஒன்றை வயலில், கதிர் மட்டத்தில், வெயில் நேரே படாதபடி கட்டுங்கள். மாடு உரஞ்சாத தடியாகப் பாருங்கள்.

முடிவுகளைக் காலபோக (மாரிப் பயிர்ச்செய்கை) கூட்டத்துக்கு முன்னர் கமக்காரர் அமைப்பிடம் ஒரே தாளில் கொடுங்கள். அவர்கள் கேட்கப்போவது ஒன்றுதான்: மழைக்கு முன் காய்ந்த நிலத்தில் விதைக்கும் புழுதி விதைப்பை எந்தக் கிழமை தொடங்கலாம்? எங்களிடம் பதில் இருக்கவில்லை. எத்தனை வருடம் விதைத்த பின் மழை பிந்தியது என்ற கணக்கு மட்டும் இருந்தது. அதைச் சொன்னோம். தலைவர் தாளை மடித்துச் சேட்டுப் பையில் வைத்துக்கொண்டு, “அடுத்த முறை வெள்ளனவாக் கொண்டாங்கோ பிள்ளை” என்றார்.