விலா வரை ஏறிய கொக்கி

ஹோபி 16 போன்ற சின்ன கட்டமரானில் (இரட்டை உடல் கொண்ட பாய்மரப் படகு), படகு கவிழாமல் இருக்க உடலை வெளியே சாய்த்து ட்ராபீஸ் கம்பியில் (பாய்மரத்திலிருந்து வரும் கம்பி) தொங்கும்போது, ஹார்னஸின் (உடலில் கட்டும் பட்டை) ஸ்ப்ரெடர் பார், அதாவது கொக்கி பொருத்திய முன்பக்க உலோகத் தண்டு, மேலே ஏறி விலாவில் குத்திக்கொண்டே இருந்தது. பஞ்சு வைத்துப் பார்த்தேன், பயனில்லை. கோளாறு பாரின் நீளத்தில்தான். பார் நீளமாக இருந்தால், இருபுறப் பட்டைகளும் கடைசிவரை வந்த பிறகும் இறுகாது. ஹார்னஸ் தளர்ந்தே நிற்கும்.

ஒரு அளவு சிறிய பார் மாட்டினேன். அப்புறம் இறுக்கும் வரிசையையும் மாற்றினேன்: முதலில் கால் பட்டைகள், பிறகு இடுப்பு, கடைசியாகத் தோள். கொக்கி தொப்புளுக்குச் சற்றுக் கீழே நிற்க வேண்டும். வாங்குவதற்கு முன் கடையிலேயே கயிற்றில் தொங்கிப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். நின்று பார்த்தால் எல்லா ஹார்னஸும் நன்றாகத்தான் இருக்கும்.

படகு கவிழ்ந்து கொக்கி கம்பிகளில் சிக்கினால் ஆள் நீருக்கடியில் மாட்டிக்கொள்ளலாம். அதனால் ஒரே இழுப்பில் விடுபடும் கொக்கிக்குக் கொஞ்சம் கூடுதலாகச் செலவழிப்பதில் தப்பில்லை. ஆனால் அந்தப் பொறிக்குள் மணலும் உப்பும் புகுந்தால் இறுகிவிடும். ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் அலசி, எடையோடு தொங்கியபடியே விடுவித்துப் பார்க்கிறேன். நிழலில் உலர்த்துங்கள், வெயில் தையல் நூலை அரித்துவிடும். ட்ராபீஸ் கம்பியை ஒரு பழைய துணியால் உருவிப் பாருங்கள். துணியின் நூல் எங்காவது சிக்கினால் கம்பியின் இழை அறுந்திருக்கிறது, கம்பியை மாற்றிவிடுங்கள்.